புஷ்பமேரி பார்த்த கண்கள்

உடும்பஞ்சோலைக்கு மேற்கே இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் புஷ்பமேரியைத் தெரியாதவர்கள் இல்லை. அதற்குக் காரணம் அவளுடைய கண்தான். அழகான கண் என்று யாரும் சொன்னதில்லை. அது அளக்கத் தெரிந்த கண். பதினான்கு வயதில் தோட்டத்து ஸ்டோரில் காய் பிரிக்க உட்கார்ந்தவள், பதினோரு வருடம் அந்த வேலையைச் செய்தாள். சூளையில் உலர்த்திய ஏலக்காயைச் சல்லடையில் சலித்த பிறகும் அளவு தப்பிய காய்கள் நிறைய விழும். அவற்றைப் பார்த்துப் பொறுக்கி இடம் மாற்றிப் போடவேண்டும். மற்றப் பெண்கள் காயை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். இவள் முறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல சின்னது மூணு கெடக்கு" என்பாள். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் இருக்கும்.

சூளைப் புகை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்ததும் அவளை டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். ஊசியைக் கொதிக்க வைப்பது, கட்டுத்துணி துவைப்பது, வைத்தியத்துக்கு வராமல் ஒளிந்துகொள்ளும் காய்ச்சல்காரர்களைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அழைத்து வருவது என்று பதினைந்து வருடமாக அங்கேதான் வேலை. கம்பவுண்டர் பொன்ராஜ் நாகர்கோவில்காரர். அலமாரியில் இருந்த தடித்த மருந்துப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே செய்வார், இல்லாததைத் தொடமாட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். புஷ்பமேரியின் கணவன் சுவக்கீன் தோட்டத்தில் பூச்சிமருந்துப் பம்பு பிடிப்பவன். வாட்டசாட்டமான ஆள். மருந்தடிக்கும் பதினெட்டுப் பேருக்கு அவன்தான் முன்னாடி நடப்பவன். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

1957 பிப்ரவரியில் புது மருந்து வந்தது. அந்த வருடம் இலைப்பேன் அதிகம். காய்மேல் சொறி விழுந்து போடிச் சந்தையில் வியாபாரிகள் கையால் தள்ளிவிட்ட சரக்கு திரும்பி வந்திருந்தது. பாரத்தியான் என்று தகரத்தில் எழுதியிருந்தாலும் பூண்டு வாடை அடித்ததால் தோட்டத்தில் எல்லோரும் அதைப் பூண்டு மருந்து என்றார்கள். ஒரு டிரம் தண்ணீருக்கு ஒரு கரண்டி போதும். அடித்த மறுநாள் காலையில் இலைப்பேன் இருந்த இடம் தெரியவில்லை. மானேஜர் முகத்தில் சிரிப்பு வந்தது. அது எத்தனை பொல்லாத மருந்து என்று சொல்ல அங்கே ஆளில்லை. தகரத்தின்மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. எலி மருந்துத் தகரத்திலும் அதே படம் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சுவக்கீன் வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றச் சொன்னான்.

"ஏத்தித்தான இருக்கு," என்றாள் புஷ்பமேரி.

"மங்கலா இருக்குட்டி. திரியத் தூண்டி விடு."

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மங்கிய வெளிச்சத்தில் யாருக்கும் கண்பாப்பா விரிந்திருக்கும். அவனுக்குக் கடுகளவு சுருங்கியிருந்தது. இரண்டு கண்ணிலும் ஊசியால் குத்தி மை வைத்ததுபோல ஒரு புள்ளி. அவனுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று சாப்பாடு வேண்டாம் என்று படுத்தவன் விடிந்ததும் வாந்தி எடுத்தான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பொன்ராஜ் வெயில் என்றார், பித்தம் என்றார்.

புஷ்பமேரிக்கு அந்தக் கடுகுப் புள்ளி மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் மாலை பம்புகளைக் கழுவி வைக்கும் இடத்துக்குப் போனாள். ஸ்டோர் வாசலில் எப்போதும் ஒரே மாதிரியான நிழல் இருக்கும். அங்கே ஒவ்வொருவராக நிற்கச் சொல்லிக் கண்ணைப் பார்த்தாள். கேலி செய்தார்கள். "மேரியக்கா மாப்பிள்ளை பாக்காவ" என்றான் ஒருவன். மூன்று பேருக்குக் கடுகுக்கண் இருந்தது. அந்த மூன்று பேரும் மறுநாள் காலையில் தலைவலி என்று டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் ஒரு அட்டையை எடுத்து அதில் சோற்றுப் பசையால் மூன்று தானியத்தை ஒட்டினாள். ஒரு கடுகு, ஏலக்காய்க்குள் இருக்கும் ஏலரிசி ஒன்று, ஒரு மிளகு. தினமும் மாலையில் அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பாள். மிளகு என்றால் நல்லது. ஏலரிசி என்றால் சோப்புப் போட்டுக் குளித்துத் துணி மாற்றச் சொல்வாள். கடுகு என்றால் மறுநாள் பம்பைத் தொடக்கூடாது. இதற்கு அவளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும் கங்காணி குருசாமியிடம் போய் நின்று, "இந்த ரெண்டு பேர களை எடுக்கப் போடுங்கண்ணே. இல்லன்னா நாளைக்கு டிஸ்பென்சரில படுத்துக்கிடுவாவ, ஒங்களுக்குத்தான் ஆள் கொறையும்" என்பாள். குருசாமிக்கு அந்தக் கணக்கு புரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டான்.

அந்த வருடம் அப்படியே கழிந்தது.

மறுவருடம் மருந்தடிப்பு தொடங்கி பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு ராமுத்தாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இருபது வயதுப் பெண். டிரம்மில் தண்ணீர் ஊற்றி மருந்து கலப்பது அவள் வேலை. கலக்குகிற கம்பு முறிந்துபோக, முழங்கை வரை உள்ளே விட்டுக் கையாலேயே கலக்கியிருக்கிறாள். வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை, மழையில் நனைந்தவள்போல. கன்னத்துத் தசையும் தொடைத் தசையும் தோலுக்குள் புழு நெளிவதுபோலத் துடித்தன. கண்ணைத் திறந்து பார்த்தால் பாப்பா கடுகைவிடச் சிறியது.

பொன்ராஜ் புத்தகத்தைப் புரட்டினார். நல்லவேளை, பூச்சிமருந்துக் கம்பெனியார் தோட்டத்துக்கு அனுப்பியிருந்த தாளில் மாற்று மருந்தின் பெயர் இருந்தது: அட்ரோபின். வயிற்றுவலிக்காக வைத்திருந்த ஏழு ஆம்பியூல் அலமாரியில் இருந்தன. ஒன்றை உடைத்து ஊசி போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

புஷ்பமேரி ராமுத்தாயின் சேலையையும் ஜாக்கெட்டையும் கழற்றித் தூரப் போட்டு, சோப்பு நீரால் கையையும் மார்பையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். துணியில்தான் அத்தனை மருந்தும் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சார், ஒண்ணும் மாறல. இன்னொண்ணு போடுங்க."

"இது ஊமத்தை மாதிரி வெசச் சரக்கு, மேரி. ஒண்ணுக்கு மேல போட்டா புத்தி பேதலிச்சிரும். புத்தகத்துல இவ்வளவுதான்னு போட்டிருக்கு."

"புத்தகத்துல இருக்கது வயித்துவலிக்காரிக்கு சார். இவளப் பாருங்க. வாயி காஞ்சிருக்கா? எச்சி ஒழுகுது. கண்ணு கடுகாத்தான் நிக்கி. மருந்து இவ உள்ள போயி எங்க போச்சுன்னே தெரியல."

பொன்ராஜ் இரண்டாவது ஆம்பியூலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். "செத்துப் போனா எம்மேல வரும்."

"போடாம செத்துப் போனா?"

அவர் இரண்டாவதைப் போட்டார். பிறகு மூன்றாவது. நாலாவதற்குப் பிறகு வாய் நுரை குறைந்தது. ஆறாவது ஊசிக்குப் பின் புஷ்பமேரி விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஏலரிசி" என்றாள். பொன்ராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து ஜீப்பில் போடிக்குக் கொண்டுபோனார்கள். மலைக்கணவாயான மெட்டு இறங்கிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்ச் சேர இரண்டரை மணி நேரம். புஷ்பமேரி பின்னால் உட்கார்ந்து ராமுத்தாயை ஒருக்களித்துப் பிடித்தபடி, வாயில் சேரும் எச்சிலை விரலில் துணி சுற்றித் துடைத்துக்கொண்டே போனாள். மெட்டில் ஜீப்பை நிறுத்தி, கூட வந்த பொன்ராஜ் மீதமிருந்த கடைசி ஆம்பியூலையும் போட்டார். போடி ஆஸ்பத்திரி டாக்டர் அட்ரோபின் நிறைய வைத்திருந்தார். நான்காம் நாள் ராமுத்தாய் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

ஏழு ஊசி போட்டும் பெண் பிழைத்தாள் என்று பொன்ராஜ் சொன்னதை அந்த டாக்டர் நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு யார் இதைச் சொன்னது என்று கேட்டார். பொன்ராஜ் மறைக்கவில்லை. "எங்க டிஸ்பென்சரி ஆயாதான் சார் கண்ணைப் பாத்துச் சொன்னா." அந்த டாக்டர் தம்மோடு படித்த ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அப்படித்தான் ஏப்ரல் மாதம் டாக்டர் அலியார் தோட்டத்துக்கு வந்தார். ஒரு மெடிக்கல் காலேஜில் விஷ மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர்.

டாக்டர் அலியாருக்குச் சொந்த ஊர் பாலக்காடு. ராவுத்தர் குடும்பம், தகப்பனாருக்கு அரிசி மண்டி. நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு ஜீப்பிலிருந்து இறங்கியவர், டிஸ்பென்சரி வாசலில் நின்றவளிடம் கும்பிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மா, கண்ணுக்குள்ள கடுகு பாக்கிறது நீங்கதானுங்களா?"

புஷ்பமேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அட்டையை முந்தானைக்குள் மறைத்தாள். அவர் வாங்கிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்கேல் எடுத்து மூன்று தானியத்தையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். கேலி செய்யவில்லை.

வந்த வேலையை அவர் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் விளக்கினார். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கவேண்டும். அதைச் சாயம் கலந்த நீரில் விட்டு வெந்நீரில் வைத்தால், நல்ல இரத்தம் என்றால் நீலப்பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். மருந்து ஏறிய இரத்தம் என்றால் பச்சையாகவே நிற்கும். "விருப்பமில்லாதவங்க கொடுக்க வேண்டாமுங்க. கொடுக்கலைன்னா வேலைக்கு ஒண்ணும் வராது. மானேஜர்கிட்ட எழுதி வாங்கிட்டேன்" என்றார். நான்கு பேர் மாட்டேன் என்றார்கள். அவர் சரிங்க என்று விட்டுவிட்டார். இப்படி ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எடுப்பதைப் பார்த்துப் புஷ்பமேரி ஆச்சரியப்பட்டாள்.

"எதுக்கு டாக்டரய்யா இவ்வளவு கேக்கிய? ஒரு சொட்டு ரத்தந்தான?"

அவர் குழாயைக் கழுவியபடியே சொன்னார். "உலகச் சண்டைக் காலத்துல நான் பட்டாளத்து டாக்டருங்க. எதிரி விஷ வாயு போட்டா என்ன பண்றதுன்னு பாக்கிற பிரிவு. சிப்பாய்ங்க முழங்கையில அந்த வாயுத் திரவத்தை ஒரு சொட்டு வெச்சு, மறுநாள் கொப்புளம் எத்தனை அகலமுன்னு அளக்கிறது என் வேலை. வெக்கட்டுமான்னு ஒருத்தருகிட்டயும் கேட்டதில்லீங்க. உத்தரவு வரும், வரிசையா வந்து கையை நீட்டுவாங்க. ஒரு பையன் மட்டும், எங்க பக்கத்து ஆளு, 'இது ஆறுங்களா சார்?'னு கேட்டான். ஆறுமுன்னு சொன்னேன். எனக்கே தெரியாதுங்க அப்ப." கழுவிய குழாயைக் கவிழ்த்து வைத்தார். "அதனாலதான்."

"அந்தப் பையனுக்கு ஆறிட்டா?"

"ஆறிருச்சுங்க. தழும்பு இருக்குது. கொல்லங்கோட்டுல மளிகைக்கடை வெச்சிருக்கான். ஊருக்குப் போறப்ப பாத்துட்டு வருவேன்."

பூண்டு மருந்துக்கும் அந்தப் போர் வாயுக்களுக்கும் என்ன உறவு என்று அவள் கேட்டபோது அவர் எளிதாகச் சொன்னார். கொப்புளம் போடுகிற அந்த வாயு வேறு வகை. சண்டைக்கு முன்னால் ஜெர்மனியில் பூச்சிக்கு மருந்து தேடியவர்கள் கையில் அகப்பட்டவைதான் ஆளைக் கொல்லும் நரம்பு வாயுக்கள். சண்டை முடிந்த பிறகு அதே குடும்பத்திலிருந்து கொஞ்சம் வேகம் குறைந்தவை தோட்டத்துக்கு வந்திருக்கின்றன.

"நரம்பு சதைக்கு ஒரு சேதி அனுப்புதுங்க. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைச்சுப்போட ஒடம்புக்குள்ள ஒரு சத்து இருக்குது. இந்த மருந்து அதைக் கட்டிப் போட்டுடுதுங்க. அப்ப சேதி நிக்காம வந்துட்டே இருக்கும். வேர்வை நிக்காது, எச்சில் நிக்காது, சதை துடிக்கிறது நிக்காது. கண்பாப்பா சுருங்கினது சுருங்கினபடியே நிக்கும். நாங்க ரத்தத்துல தேடுறது அந்தத் துடைக்கிற சத்தைத்தானுங்க."

பிறகு அவர் ஒரு சோதனை வைத்தார். இரத்தம் கொடுக்கச் சம்மதித்த நாற்பத்தாறு பேரையும் புஷ்பமேரி ஸ்டோர் வாசலில் நிறுத்திக் கண் பார்த்துச் சொல்லவேண்டும். பொன்ராஜ் அதை எழுதி உறையில் போட்டு ஒட்டவேண்டும். டாக்டர் தனியாக இரத்தம் பார்ப்பார். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் டிஸ்பென்சரி மேசையில் உறையைப் பிரித்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

இரத்தம் கெட்டிருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் எட்டுப் பேரைப் புஷ்பமேரி சரியாகச் சொல்லியிருந்தாள். இன்னொரு பெண்ணைக் கடுகு என்றிருந்தாள்; ஆனால் அவள் இரத்தம் நன்றாக இருந்தது. விசாரித்தபோது அன்று காலை மருந்துத் துளி கண்ணில் தெறித்தது தெரியவந்தது. கண்ணில் மட்டும் பட்டால் கண் மட்டும் சுருங்கும் என்றார் டாக்டர். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எட்டுப் பேருங்கம்மா! ஒரு குழாய் இல்லாம, ஒரு சாயம் இல்லாம!"

"விட்டுப்போன மூணு பேரு யாரு?" என்று கேட்டாள் புஷ்பமேரி.

டாக்டர் பட்டியலைப் பார்த்தார். முதல் இரண்டு பெயரைப் படித்தார். மூன்றாவது பெயரைப் படிக்குமுன் பொன்ராஜ் அவர் முகத்தைப் பார்த்தார்.

"சுவக்கீன்," என்றார் டாக்டர். "எல்லாரையும்விட கொறைவா இருக்கிறது இவருக்குத்தானுங்க. பத்துல மூணு பங்குகூட இல்லை."

அவள் நம்பவில்லை. "அவுகளுக்கு மெளகு டாக்டரய்யா. முந்தாநாள்கூடப் பாத்தேன். நல்ல மெளகு."

"கண்ணு சரிதானுங்க. இன்னிக்கு ஏறின மருந்தைத்தான் கண்ணு சொல்லும். ரெண்டு வருசமா கொஞ்சங் கொஞ்சமா ஏறினா ஒடம்பு பழகிப்போயிரும், கண்ணு சொல்லாது. ரத்தம்தான் சொல்லும். ஆனா அடுத்து ஒரு கரண்டி அதிகமாப் பட்டாலும் அவரைப் பிடிக்க முடியாதுங்க."

பச்சையாகவே நின்றுவிட்ட அந்தக் குழாயை அவளே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நேரே லயத்துக்குப் போனாள்.

சுவக்கீன் திட்டவட்டமாக மறுத்தான். "எனக்கு ஒரு கேடும் இல்ல. அந்த வெள்ளச் சட்டக்காரரு குழாயப் பாத்துட்டு நான் பம்ப எறக்கி வைக்கணுமா?"

"கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினான். விரல்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. மழையில் இலை ஆடுவதுபோல நிற்காத நடுக்கம். சட்டையில் மேல் இரண்டு பொத்தானைச் சில வாரமாக அவன் போடுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தூக்கத்தில் பயந்து எழுவதையும் அவன் போடும் புகையிலை செய்கிற வேலை என்று எண்ணி விட்டிருந்தாள்.

"எத்தன நாளா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கிறிஸ்மஸுக்கு முன்னால இருந்து. ஒங்கிட்ட சொன்னா பெரட்டுல எம்பேர எடுத்துருவ. எல்லாரும் எம்பின்னாடி நடக்கானுவ, நான் களை எடுக்கப் போனா…"

புஷ்பமேரி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அவன் மேல் கோபம் வரவில்லை. "ஊரெல்லாம் கண்ணப் பாத்துட்டு அலைஞ்சேன். வீட்டுல ஆளப் பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

அவள் அழுது அவன் பார்த்தது அரிது. எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தான். "சரிட்டி. எறக்கி வச்சிருதேன்" என்றான். மறுநாள் பெரட்டில் குருசாமியிடம் அவனே சொன்னான். குருசாமி ஒருகணம் யோசித்து, "ஸ்டோர்ல சூளை பாக்க ஆள் வேணும், வா" என்று கூட்டிக்கொண்டு போனான். அதை அவன் பெரிய உபகாரமாகச் செய்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் மாதம் ஒருமுறை வந்தார். முதல் வேலையாகச் சுவக்கீன் விரலில் ஒரு சொட்டு எடுப்பார். மே மாதம் குழாய் கொஞ்சம் வெளிறியது. ஜூனில் பாசி நிறம். ஜூலையில், கொட்டும் மழையில் நனைந்து வந்து இறங்கிய டாக்டர், சாயநீரில் விட்டு வெந்நீரில் வைத்த குழாயை எடுக்கப்போனபோது புஷ்பமேரி, "நான் எடுக்கேன்" என்றாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பழுத்த எலுமிச்சை நிறம்.

"எத்தன பங்கு?" என்று கேட்டார் டாக்டர், பார்க்காமலே.

"பத்துக்கு ஒம்பது இருக்கும்."

அவர் வாங்கி நிற அட்டையோடு ஒப்பிட்டார். ஒன்பதுதான். அன்று சுவக்கீன் சூளையிலிருந்து வந்து, சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக் காட்டினான். டாக்டருக்குச் சாயாவும், லயத்தில் சுட்ட முறுக்கும் வந்தன. அவர் முறுக்கை மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றார்.

ராமுத்தாய் அந்தச் சமயத்தில் வட்டவடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். அங்கே மலைச்சரிவெல்லாம் பூண்டு. அந்த வாடை பட்டாலே குமட்டுகிறது என்று முதல் மாதம் புகுந்த வீட்டில் சமைக்கவே மறுத்தாளாம். மாமியார் மருமகளுக்காகப் பூண்டில்லாக் குழம்பு வைக்கப் பழகிக்கொண்டாள் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். புஷ்பமேரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தோட்டத்தில் பல மாற்றங்கள் வந்தன. கலப்பதற்கு நீளக் கைப்பிடி போட்ட துடுப்பு, வேலை முடிந்ததும் குளிக்கத் தனித் தொட்டி, துவைத்த மாற்றுத்துணி, மாதம் ஒரு சொட்டு இரத்தம், தினமும் கண். மூன்று வாரம் பம்பு பிடித்தவர் மூன்று வாரம் வேறு வேலை. மானேஜர் முதலில் முகம் சுளித்தார். ஆள் படுப்பது நின்றதும் சுளிப்பும் நின்றது. டிஸ்பென்சரிக்குச் சிவப்புத் தகரப்பெட்டி ஒன்று வந்தது. அதில் அறுபது ஆம்பியூல் அட்ரோபின். கூடவே பஞ்சில் பொதிந்த பன்னிரண்டு சின்னப் புட்டிகளில் வெள்ளைத் தூள். கட்டிப்போட்ட சத்தை அவிழ்த்துவிடக்கூடிய புது மருந்து அது. போர் வாயுவுக்கு மாற்று மருந்தாக வெளிநாட்டில் சிலர் தேடிக் கண்டது. ஜப்பானில் தோட்டக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு டாக்டர் எழுதி அங்கிருந்தே வரவழைத்திருந்தார். மூடியில் ஒட்டிய தாளில் அவர் தமிழில் எழுதியிருந்தார்: "வாய் காயும் வரை, மிளகு ஆகும் வரை அட்ரோபின். பயப்பட வேண்டாம்." கடைசி வாக்கியம் பொன்ராஜுக்காக.

1959 மார்ச்சில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அடைத்துக்கொண்ட பம்பு முனையை வாயில் வைத்து ஊதிச் சுத்தம் செய்திருக்கிறான். ராமுத்தாயைவிட மோசம், மூச்சே விட்டுவிட்டுத்தான் வந்தது. இந்தத் தடவை பொன்ராஜ் புத்தகத்தைத் தொடவில்லை. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, "மேரி, கண்ணு?" என்றார்.

"கடுகு."

ஊசி. ஐந்து நிமிடம். "கண்ணு?"

"கடுகு. வாய் நிறைய எச்சி."

ஊசி. பொன்ராஜ் நேரத்தைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் தானியத்தின் பெயர். முதல் புட்டித் தூளைக் கரைத்து இரத்தக்குழாயில் மெல்ல மெல்ல ஏற்றினார். தொடைத் தசையின் துடிப்பு கால்மணி நேரத்தில் அடங்கியதைப் புஷ்பமேரி முதலில் பார்த்தாள். "சார், சதை நின்னுட்டு!" பகல் ஒன்றரை மணிக்குச் சுவரில் "மிளகு" என்று விழுந்தது. சாயங்காலம் அவன் தாகம் தாகம் என்று கத்தினான். "கத்தட்டும், கத்தட்டும்" என்றார் பொன்ராஜ், கண் கலங்க.

சுவரில் எழுதியதை டாக்டர் வந்து அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த ஆள் ஒன்பதாவது நோயாளி. கண் பார்த்துச் சொன்னவர் என்ற இடத்தில் புஷ்பமேரியின் முழுப் பெயரும் அச்சாகி இருந்தது. அந்தத் தாளை அவள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பொன்ராஜ் பெயர் எங்கே என்று கேட்டாள். அதுவும் இருந்தது. திருப்தியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஆகஸ்ட்டில் டாக்டர் அவளைத் தம் காலேஜுக்கு அழைத்துப் போனார். கூடச் சுவக்கீனும் போனான். மாணவர்கள் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கடுகு அட்டையை எப்படிப் பிடிப்பது, எந்த நிழலில் நிற்கவைப்பது, கேலி செய்பவனை எப்படிச் சமாளிப்பது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது பையனிடம் நின்று, "தம்பி, ஒனக்கு ஒரு கண்ணு மட்டும் பெரிசா இருக்கு" என்றாள். அவன் சின்ன வயதில் அந்தக் கண்ணில் பம்பரம் பட்டதாகச் சொன்னான். இரண்டு வருடம் அவனோடு படித்தவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. சுவக்கீன் பின்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்த சில மாதத்தில் ஒருநாள் மாலை ஸ்டோர் வாசலில் அவள் அட்டையைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பதைப் பொன்ராஜ் கவனித்தார். வரவர அட்டை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன மேரி, கண்ணு உனக்கே மங்குதா?"

"கிட்டப் பாத்தா கலங்குது சார். ரெண்டு மாசமா. வயசாகுதுல்லா."

மதுரையில் கண்ணாடி செய்து டாக்டர் அனுப்பிவைத்தார். வட்டமான கறுப்புச் சட்டம். முதல்நாள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபோது வரிசை முழுக்கச் சிரித்தது. "டாக்டரம்மா வந்தாச்சு" என்றான் முன்னால் நின்றவன்.

"சிரிக்காத. அசையாம நில்லு," என்றாள் புஷ்பமேரி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "மெளகு. போ, அடுத்த ஆள் வா."